முதல் கைப்பிடி

(கொற்கை வட்டாரச் சபையார் கூடிய மருத்துவமனை உதவிக் கூட்டத்தில், எங்கள் மருத்துவமனைக் குருவானவர் அளித்த செய்தி)



அன்றாட வாழ்க்கையில் தேவனுக்கு முதலிடம் கொடுப்பதைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இந்தக் கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மண்ணால் கடல் கிழக்கே விலகிப்போய், இன்று நெல்லும் வாழையுமாக நிற்கிறது. ஆகவே முத்தை விட்டுவிட்டு அரிசியைப் பற்றிப் பேசுகிறேன்.

வயதான தாய்மார்களுக்குப் பிடியரிசி தெரியும். உலைக்கு அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்தது ஆலயத்துக்குப் போகும். இப்போது பல வீடுகளில் கலயம் இல்லை, காணிக்கைக் கவர்தான் இருக்கிறது. கவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மருத்துவமனை அதனால்தான் நடக்கிறது! ஆனால் அந்தக் கைப்பிடி சமைப்பதற்கு முன்னே எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் உண்டு மீந்ததிலிருந்து அல்ல. இன்றைக்கு விருந்தாளி வருவாரா, இருப்பது போதுமா என்று தெரியாத நேரத்தில் எடுத்தது. ஒரு பிடி குறைந்ததை வீட்டில் ஏதோ ஒரு வயிறு அறிந்திருக்கும். பெரும்பாலும் அது எடுத்தவளின் வயிறுதான்.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் சாறிபாத் ஊர் விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் இருந்தது ஒரு கை மாவு, சிறிது எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எலியா, முதலாவது எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா, பிறகு உனக்கும் மகனுக்கும் செய்துகொள் என்கிறார். கடினமான வார்த்தை. பிள்ளைகள் வார்டில் அந்தப் பகுதியை வாசிக்க எனக்கு இன்றும் நா எழுவதில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். கர்த்தருக்கென்று அவள் முதலாவது எடுத்த அடை எந்தப் பலிபீடத்திலும் எரிக்கப்படவில்லை. பசியோடு வந்த ஓர் அந்நியனின் வாய்க்குத்தான் போனது.

நம் ஜில்லாவிலேயே இதை அறிந்த ஒருவர் இருந்தார். திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874-ல், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரிகளை வெளியே அனுப்பி வருவதைக் கண்டார். அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபைக்கு அந்த எண்ணமே இல்லையே என்பது அவர் மனதைக் குத்தியது. அடுத்த வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்தியரின் ஆட்கள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் நியமம். நமக்கென்று வந்துகொண்டிருந்த மிஷன் உதவியையே எதிர்பார்த்துப் பழகிய சபைக்கு இது பெரிய மாற்றம். பிறகு அவரே தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய அத்தியட்சாதீனத்தில் அன்றாடக் கூலி வேலைக்குப் போன பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்தார்கள். பணக்காரர் கொடுத்து ஏழைகள் வாங்குவது என்ற கணக்கை அந்தப் பெண்கள் மாற்றிப்போட்டார்கள்.

இனிப் பேசப்போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கர்த்தருக்கு முதலிடம்" என்ற சொல்லை மருத்துவமனையில் நான் வேறு விதமாகவும் கேட்கிறேன். காலில் சர்க்கரைப் புண்ணோடு இருக்கும் தகப்பனை, உபவாச ஜெபம் முடியட்டும் என்று வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருந்து, கால் கறுத்தபின் தூக்கி வருகிறார்கள். "ஐயா, கர்த்தருக்குத்தானே முதலிடம் கொடுத்தோம்" என்கிறார்கள். சர்க்கரைப் புண் காத்திருக்காது. சில நாளிலேயே விரலோடு போகவேண்டியது முழங்கால் வரைக்கும் போய்விடும். இன்னொரு பக்கம், அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை மூட்டையாகக் கொடுத்துப் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்ட மகன், பெண்கள் வார்டில் கிடக்கும் தாயைப் பார்க்க வருவதில்லை. தகப்பனுக்கும் தாய்க்கும் சேரவேண்டியதைக் கொர்பான் என்று தள்ளிவைத்தவர்களிடம் நம் ஆண்டவர் எவ்வளவு கோபமாகப் பேசினார் என்பதை மாற்கு 7-ல் வாசியுங்கள். யவீருவின் மகளை எழுப்பினபின் அவர் அங்கே பிரசங்கம் பண்ணவில்லை. பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

எங்கள் சிற்றாலயத்தில் காலை ஆராதனை உண்டு. பிரசவ வார்டில் வலியெடுத்த ஒருத்தி இருக்கும்போது ஆராதனைக்கு வராத நர்ஸை நான் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால், "ஊழியமே ஜெபந்தானே ஐயா" என்று சொல்லி வருஷக்கணக்காக முழங்காலே போடாதவர்களை விடுவதுமில்லை. காலையில் கண் விழித்ததும் கைப்பேசியை எடுக்குமுன் கால் மணி நேரம் கர்த்தருடைய பாதத்தில் உட்காருங்கள். அதுவும் அளந்து எடுக்கும் கைப்பிடிதான்.

2023 டிசம்பர் 17-ஐ உங்களுக்கு நான் நினைப்பூட்ட வேண்டியதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு, ஏரலும் சுற்றியுள்ள ஊர்களும் துண்டிக்கப்பட்டன. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. வெளியிலிருந்து உதவி வருவதற்கு முன்னே அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊரார். நாலு பக்கமும் தண்ணீர். அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருந்ததை எடுத்து, முன்பின் அறியாதவர்களுக்குச் சமைத்தார்கள்.

அவர்கள் நம் சபையார் அல்ல. சமைத்தது அம்மன் கோவிலில். சாறிபாத் விதவையும் இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்ல. நாசரேத்து ஜெபஆலயத்தில் ஆண்டவர் அதை எடுத்துச் சொன்னபோதுதான், ஊரார் அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொற்கையில் மலையும் இல்லை!

நீங்கள் அனுப்பும் பிடியரிசி என்னவாகிறது என்று சென்ற கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார்கள். நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்களுக்கு அது காலைக் கஞ்சியாகிறது. கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவர்களிடம் நாங்களே தூக்குவாளியோடு போகிறோம். பச்சரிசியும் புழுங்கலும், சன்னமும் மோட்டாவும் கலந்து வருவதால், ஒன்று வேகுமுன் மற்றது குழைகிறது என்று சமையல்கார அம்மாள் தினமும் முணுமுணுக்கிறார்கள். பரவாயில்லை, கலந்தே கொடுங்கள். வண்டு விழுந்ததை மட்டும் அனுப்பாதிருங்கள். போன தடவை இரண்டு மூட்டை அப்படி வந்தது. மருத்துவமனை வண்டி மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஆலய வாசலுக்கு வரும்.

ஜெபிப்போம்.