பழைய கார்டு கடனுக்குச் சம்மன் வந்தால்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் வழக்கறிஞர் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஸ்ரீரங்கத்தில் ஒரு தாயார். மகன் சவூதியில் வேலை பார்க்கிறார். கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை வாங்கி, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். மகனிடமும் சொல்லவில்லை. வெளிநாடு போகுமுன் அவர் வைத்திருந்த கிரெடிட் கார்டு பாக்கிக்காக வந்த வழக்கு அது. யாரும் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் அதை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கேட்கலாம்.

சாதாரண வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளில் பதிலுரை போட வேண்டும். கோர்ட் மனம் வைத்தால் 90 நாள் வரை நீளும். சில வழக்குகள் சுருக்க விசாரணையாக வரும்; அதில் ஆஜராகவே பத்து நாள்தான். சம்மனில் எது என்று எழுதியிருக்கும், படியுங்கள்.

விடுமுறையில் வந்த அந்த மகன் என்னிடம், "பாய், அஞ்சு வருஷம் ஆச்சு, கேஸே செல்லாதுன்னு சொல்றாங்களே" என்றார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது உண்மை. நான் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, கடன்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் இந்த மூன்றாண்டில் சேராது. நம் வீடுகளில் பாதிப்பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆளில்லை.

கெடு முடியுமுன் "பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால் மூன்றாண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்தபின் "கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அது புது ஒப்பந்தமாகிவிடும். வசூலுக்கு வருபவர் நீட்டும் தாளில் வாசலிலேயே நின்று கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு பெரியவர் கேட்டார்: "கெடு முடிஞ்சுதுன்னு சொல்லித் தப்பிக்கிறது அமானித மோசடி ஆகாதா?" நியாயமான கேள்வி. கெடு தாண்டிய வழக்கை, எதிராளி சொல்லாவிட்டாலும் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சட்டமே நீதிபதிக்குச் சொல்கிறது. அதனால் அதைச் சொல்வது பொய்யாகாது. ஆனால் நாம் செலவழித்த அசல் நம் கழுத்தில்தான் இருக்கிறது. என் அபிப்பிராயம், கோர்ட்டில் வாதத்தை வையுங்கள். அசலைத் தனியே பேசித் தீருங்கள். கடன்பட்டோருக்கு ஜகாத்தில் பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது. ஜமாஅத்தில் வாய்விட்டுக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

வட்டி ஹராம் என்று பதிலுரையில் எழுதினால் பயனில்லை, நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதிரே நிற்கும். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதைப் பலர் இன்னும் நம்பியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கணக்கைக் கேளுங்கள், அதில்தான் பலன் இருக்கிறது. மாதவாரி ஸ்டேட்மெண்ட் எங்கே? அசல் எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு? கடன் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தால் அந்தப் பத்திரம் எங்கே?

ஜெயில் என்று மிரட்டுவார்கள். கட்ட வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஸ்ரீரங்கத்துச் சகோதரர் தீர்ப்பு விஷயம் தெரிந்த 30 நாளுக்குள் வந்தது நல்லதாயிற்று. சம்மன் தனக்கு முறையாகச் சேரவில்லை என்று மனுப் போட்டு, தீர்ப்பை ரத்து செய்ய வைத்தோம். கணக்கு வந்தபோது கேட்ட தொகையில் பாதிக்கு மேல் வட்டியும் கட்டணமும்தான். மக்கள் நீதிமன்றத்தில் அசலோடு கொஞ்சம் சேர்த்துத் தவணையில் முடிந்தது. அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது என்பதால், கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளச் சொன்னேன்.

அந்தத் தாயார் இப்போது தபால்காரர் எதைக் கொடுத்தாலும், கல்யாணப் பத்திரிகை உட்பட, போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். சில சமயம் எனக்கும் வருகிறது.