அமெரிக்க மணவிலக்கு ஆவணத்தைத் தேடிப் பெறுதல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

மறுமணம் செய்ய வருவோரிடம், முந்தைய மணம் முறிந்ததற்கான சான்றை வாங்கிய பிறகே நிக்காஹ் தஃப்தரில் எழுதுவது நம் வழக்கம். உள்ளூர்க்காரர் என்றால் விசாரிப்பது எளிது. பக்கத்து ஜமாஅத்தில் ஒரு வார்த்தை கேட்டால் உண்மை விளங்கிவிடும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் குடியிருக்கின்றனர். அங்கே மணவிலக்குப் பெற்றவர்கள் இங்கே வந்து மறுமணம் செய்கின்றனர். அவர்கள் காட்டும் காகிதத்தை எப்படிப் படிப்பது, அது இல்லையெனில் எங்கே கேட்பது என்பதை நாமே பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

அண்மையில் நம் மஹல்லாப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவில் வாழும் மாப்பிள்ளை பேசி முடிக்கப்பட்டது. மாப்பிள்ளை மணவிலக்குப் பெற்றவர் என்றார்கள். நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் முத்திரையும் கொண்ட ஒரு காகிதத்தின் ஒளிநகலைக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்டு நாமும் நிறைவடைந்துவிட்டோம். இதை மறைக்க நாம் விரும்பவில்லை. மண்டபமும் பேசியாகிவிட்ட நிலையில், ஆங்கிலம் நன்கறிந்த இளைஞர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இது தீர்ப்பு அன்று, மணவிலக்குக் கேட்டுப் போட்ட மனுவின் முதல் பக்கம்” என்றார். அந்தக் கவுண்டியின் நீதிமன்றப் பட்டியலைத் தேடிப் பார்த்தபோது, மனுவை யாரும் நடத்தாததால் வழக்கு தள்ளுபடியாகியிருந்தது தெரிந்தது. அதாவது, அந்நாட்டுச் சட்டத்தின்படி அவருடைய முதல் மணம் முறியவே இல்லை. அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நாம் சொல்லவில்லை. மனுப் போட்டதோடு காரியம் முடிந்தது என்று அவரும் எண்ணியிருக்கலாம். ஆயினும் அந்த நிக்காஹ் நடந்திருந்தால் நம் பெண்ணின் நிலை என்னவாகியிருக்கும்? அவளுக்கு விசா மனுப் போடும்போது, கணவரின் முந்தைய மணம் முடிந்ததற்கான ஆவணத்தை அந்நாட்டுக் குடிவரவுத் துறை கேட்கும். அப்போதுதான் உண்மை வெளிவந்திருக்கும்.

அமெரிக்காவில் மணவிலக்கு அந்தந்த மாநில நீதிமன்றங்களின் அதிகாரம். நாடு முழுமைக்கும் சேர்த்து ஒரே பதிவேடு கிடையாது. எனவே முதலில் அறிய வேண்டியது எந்த மாநிலம், எந்தக் கவுண்டி என்பதே. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. இங்கேதான் பலர் தவறுகின்றனர். மணம் நடந்த ஊரில் ஆவணத்தைத் தேடுகின்றனர். வழக்கோ, மனுப் போட்ட காலத்தில் கணவனோ மனைவியோ வசித்த இடத்தில் நடந்திருக்கும். டெக்சாஸில், இருவரில் ஒருவர் மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் வசித்திருந்தால்தான் அங்கே மனுப் போட முடியும். ஆகவே அவர்கள் அப்போது குடியிருந்த முகவரியைக் கேளுங்கள். நகரத்தின் பெயர் மட்டும் போதாது. நம்மவர் பலர் வசிக்கும் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் ஆகிய இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது.

அடுத்து, நீதிமன்றங்களின் பெயர்கள் நம்மைக் குழப்பும். கவுண்டி நீதிமன்றம் என்று பொதுவாகச் சொன்னாலும், டெக்சாஸில் மணவிலக்கு வழக்குகள் பெரும்பாலும் நடப்பது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில். ஆவணம் இருப்பது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். திருமண உரிமத்தை வழங்கும் கவுண்டி கிளார்க் வேறொரு அலுவலர். கலிஃபோர்னியாவில் அந்தந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட். நியூயார்க்கில் மணவிலக்கு வழங்குவது சுப்ரீம் கோர்ட். நம் உச்சநீதிமன்றம் போன்றது என்று மலைக்க வேண்டாம். அங்கே அது விசாரணை நீதிமன்றத்தின் பெயர். அதன் மணவிலக்குக் கோப்புகளைக் காப்பவர் கவுண்டி கிளார்க்.

பல கவுண்டிகளில் வழக்குப் பட்டியலை இணையத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். அப்போது நம் பெயர்களே நமக்கு இடையூறாகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். முகமது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை இந்த அவையில் கை தூக்கச் சொன்னாலே எண்ணிவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்க்கு, முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்.என்.யூ’ என்னும் மூன்றெழுத்து அமெரிக்க விசாவில் சேர்ந்துவிடும். அதுவே அவருடைய பெயராகப் பிற ஆவணங்களிலும் ஏறிவிடுவதுண்டு. எனவே எல்லா எழுத்து வடிவங்களிலும், இருவர் பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கு எண் கிடைத்துவிட்டால் பெரும்பாடு தீர்ந்தது.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் மணவிலக்கு ஆகிவிட்டதற்குச் சான்றன்று என்பதை நாம் கண்டோம். கேட்டுப் பெற வேண்டியது, நீதிபதி கையொப்பமிட்ட இறுதித் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல். கிளார்க் அலுவலகத்துக்கு எழுதியோ நேரில் சென்றோ, இருவர் பெயர், வழக்கு எண், தோராயமான ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக் கட்டணம் செலுத்தினால் தருவார்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ‘சான்றிட்ட’ என்ற சொல்லை விண்ணப்பத்தில் விட்டுவிட்டால் முத்திரையற்ற நகலே வரக்கூடும். மாநிலச் சுகாதாரத் துறையில் கேட்டால் ஆகாதா என்பர் சிலர். டெக்சாஸில் அத்துறை, 1968 முதல் நடந்த மணவிலக்குகளுக்கு உறுதிக் கடிதம் ஒன்று தரும், தீர்ப்பாணையைத் தராது. கலிஃபோர்னியாவில் 1962 முதல் 1984 ஜூன் வரை உள்ளவற்றுக்கே சான்று கிடைக்கும். எந்தக் கவுண்டி என்று அறியாதபோது துப்புக் காண டெக்சாஸ் கடிதம் உதவும், அவ்வளவே.

தீர்ப்பாணை கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். டெக்சாஸில் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கழியும் முன் வேறொருவரை மணக்க, நீதிமன்றம் தளர்த்தினாலன்றிச் சட்டம் அனுமதிப்பதில்லை. இத்தாக் கணக்கும் மார்க்க முறைப்படியான விலக்கும் வேறு. அவற்றை இமாம் அவர்கள் தீர்மானிப்பார்கள். அதேபோல், இங்கே தலாக் எழுதி அனுப்பியதாலேயே அங்கே மணம் முறிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது.

நியூயார்க்கைத் தனியே சொல்ல வேண்டும். அங்கே மணவிலக்குக் கோப்புகள் மூடி வைக்கப்பட்டவை. கணவன், மனைவி, அவர்களின் வழக்கறிஞர் தவிரப் பிறர் நீதிமன்ற உத்தரவின்றிப் பார்க்க முடியாது. “கோப்பு மூடப்பட்டது, காட்ட இயலாது” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அது பாதி உண்மைதான். நம்மால் வாங்க முடியாது, மாப்பிள்ளை வாங்கலாம். அவரே வாங்கித் தரட்டும்.

ஒளிநகல் போதாதா என்று கேட்போருக்கு ஒரு வழக்கைக் கூறுகிறோம். மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் 1980-இல் ஒரு கணவர் மணவிலக்குப் பெற்று, பின்னர் இங்கே வேறு மணம் செய்தார். முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். 1991-இல் நம் உச்சநீதிமன்றம் அந்த அமெரிக்கத் தீர்ப்பாணையை ஏற்கவில்லை. அக்கணவர் மிசோரியில் வசித்ததாகக் காட்டியது முறையாக இல்லை. மனைவியும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உடன்பட்டிருக்கவில்லை. அத்துடன், அவர் கொடுத்த நகலில் அங்குள்ள துணைக் கிளார்க்கின் சான்று இருந்தும், அமெரிக்காவிலுள்ள நம் அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லாததால் அது சாட்சியமாக ஏற்கப்படவில்லை. அவர்கள் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்கள். ஆயினும் சாட்சியச் சட்டம் எல்லோர்க்கும் பொதுவே. 2005-இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த பின் வழி இலகுவாயிற்று. தீர்ப்பு வழங்கிய மாநிலத்தின் செயலர் அலுவலகத்தில் ‘அபோஸ்டில்’ என்னும் சான்றை இணைத்து வாங்கினால் போதும். எதிர்த்தரப்பு வழக்கில் முன்வந்ததா என்பதையும் தீர்ப்பாணையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாப்பிள்ளை பின்னர் புதிதாக மனுப் போட்டதாக அறிந்தோம். பெண் வீட்டார் காத்திருக்க விரும்பவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் மட்டும் திரும்பவில்லை.

இனி, அமெரிக்காவில் மணவிலக்குப் பெற்றவர் எவராயினும், சான்றிட்ட தீர்ப்பாணையை அபோஸ்டிலுடன் நிக்காஹ் தேதி குறிக்கும் முன்பே அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அஞ்சலில் வந்துசேர வாரங்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள், குறிப்பாகத் தம் சொந்தத் தீர்ப்பாணையே கையில் இல்லாத சகோதரிகள், அஸருக்குப் பின் அலுவலகத்துக்குத் தாமே வரலாம், உடன்பிறந்தாரையும் அனுப்பலாம். பழைய முகவரியையும் பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவந்தால் நாமே எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.