குழந்தைகளுக்குக் கொடுமை இழைத்தோர் பதிவேடு



குழந்தைகளுக்குக் கொடுமை இழைத்துத் தண்டனை பெற்றவன் ஒருவன், தண்டனைக் காலம் முடிந்ததும் சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவன் எந்த ஊரில் குடியேறுகிறான், எங்கே வேலைக்கு அமர்கிறான் என்பதைச் சமூகம் அறிந்திருக்க வேண்டுமா? போலீசார் அறிந்தால் போதுமா, அண்டை வீட்டாரும் அறிய வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்தவையே பதிவேட்டுச் சட்டங்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டு ஜேக்கப் வெட்டர்லிங் என்னும் 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டோரின் முகவரியை மாநிலங்கள் பதிவு செய்துவர வழிவகுத்தது. அதே ஆண்டில் நியூ ஜெர்சியில் மேகன் கான்கா என்னும் 7 வயதுச் சிறுமி, எதிர் வீட்டில் குடியிருந்தவனால் கொல்லப்பட்டாள். அவன் முன்பே தண்டனை அடைந்தவன் என்பதைப் பெற்றோர் அறியார். ஆகவே, இத்தகையோரைப் பற்றிய செய்தியைப் பொதுமக்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்னும் சட்டம் 1996-இல் பிறந்தது. இல்லினாய் மாநிலமோ, குழந்தைகளைக் கொன்றோருக்கும் கொடிய வன்முறைக்கு உள்ளாக்கியோருக்கும் என 2006-இல் தனிப் பதிவேடே அமைத்தது. அதில் இடம்பெறுவோர் பொதுவாகப் பத்து ஆண்டுகளும், சிறுவரைக் கொலை செய்தோர் ஆயுள் முழுவதும், தம் இருப்பிடத்தைப் போலீசாரிடம் தெரிவித்துவரக் கடமைப்பட்டவர்கள்.

நம் நாடு வேறு வழியை மேற்கொண்டது. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பதிவேடு 2018 செப்டம்பர் 20-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தொடக்கத்திலேயே அதில் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பேணும் இப்பதிவேட்டைப் போலீசார் முதலிய சட்ட அமலாக்கத் துறையினரே பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க இயலாது.

இதனைக் குறை என்பார் உளர். ஆயின், குற்றவாளி உறவினனாக இருக்குமிடத்து, அவன் பெயரை ஊரறியச் செய்வது பாதிக்கப்பட்ட குழந்தையையே ஊருக்குக் காட்டிக் கொடுப்பதாக முடியும் அன்றோ? பதிவேடுகள் அளவுக்கு மீறி விரிந்துவிட்டன என்று ஜேக்கபின் அன்னையாரே பிற்காலத்தில் கவலை தெரிவித்தார் என்பதும் கருதத்தக்கது.

திறந்த பதிவேடாயினும் மூடிய பதிவேடாயினும், தண்டிக்கப்பட்டவன் பெயரே அதில் ஏறும். நம் நாட்டில் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தைக்கு அறிமுகமானவனே என்பதை அரசாங்கப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. புகார் இல்லையேல் வழக்கில்லை; சாட்சியம் இல்லையேல் தண்டனையில்லை; தண்டனை இல்லையேல் பதிவேட்டில் பெயருமில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. மும்பையிலோ அகமதாபாத்திலோ வளரும் தமிழ்க் குழந்தை, தனக்கு நேர்ந்த கொடுமையைத் தாய்மொழியில்தான் தாயிடம் சொல்லும். காவல் நிலையத்து மொழி வேறாயிற்றே என்று தயங்கிப் பெற்றோர் வாளாவிருந்துவிடுவதுண்டு. அத்தயக்கம் வேண்டுவதில்லை. குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் பதிவாகுமாயின், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தித் தரவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில் விதிக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவாகும்போதும் இவ்வுதவி உண்டு. இதனைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று கூறுவோம்: குழந்தை சொன்னதைச் சொன்னவாறே மாற்றித் தரவேண்டும், பெரியவர்களின் சொல்லால் அதனை மெருகிடலாகாது.

குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவியாதிருப்பது அச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது. குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் பள்ளிகளும் விடுதிகளும் போலீஸ் விசாரணை செய்வித்தல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நாம் பார்க்க இயலாத பதிவேட்டைப் போலீசார் பார்க்க இயலும். ஆதலின், பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியில், “விசாரணை செய்வித்தீர்களா?” என்று பணிவோடும் உறுதியோடும் கேட்பது பெற்றோர் கடமை. உதவி வேண்டுவோர் 1098 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

பதிவேட்டைக் காப்பது அரசாங்கத்தின் பணி. குழந்தையின் சொல்லை நம்பி, அச்சொல்லை உரிய இடத்தில் சேர்ப்பித்தல் நம் பணி.