முதியோரும் மதுவும்: நமது கடமை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மதுவின் தீமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இளைஞர்களையே எண்ணுகிறோம். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரை எண்ணுவதில்லை. "இத்தனை காலம் குடித்தவர், இனி என்ன ஆகிவிடப் போகிறது?" என்று விட்டுவிடுகிறோம். இது பெருந்தவறு.

வயது ஏற ஏற உடலிலுள்ள நீரின் பங்கு குறைகிறது. கல்லீரலின் வேகமும் தளர்கிறது. ஆதலால், நாற்பது வயதில் தாங்கிய அதே அளவு மது எழுபது வயதில் மிகுந்த கேட்டை விளைவிக்கிறது. நீரிழிவு மாத்திரை உண்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கக்கூடும். மூட்டுவலி மாத்திரையுடன் மது சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். தூக்க மாத்திரையுடன் சேர்ந்தாலோ மூச்சே அடங்கலாம். பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மூதாட்டிகளும் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், முதுமையின் மீது பழியைப் போடுகிறோம்.

நாமே செய்த ஒரு பிழையையும் இங்கு மறைக்காமல் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் கிராம சபையில், குடிக்கும் முதியவர்களைப் பலர் முன்னிலையில் கடிந்து பேசினோம். கைதட்டலும் கிடைத்தது. மானமுள்ள முதியவர் ஒருவர் அன்றே குடியை அடியோடு நிறுத்திவிட்டார். மறுநாள் கை நடுங்கிற்று; மூன்றாம் நாள் பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் பிதற்றினார். வீட்டார் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கப் புறப்பட்டனர். தற்செயலாக அங்கு வந்த கிராம சுகாதார செவிலியர் 108 ஊர்தியை வரவழைத்ததால் உயிர் பிழைத்தார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அதைவிட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. நம் பேச்சுக்குப் பின் அவ்வூர் முதியவர்கள் செவிலியரிடம் உண்மை சொல்வதையே நிறுத்திவிட்டனர்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினால், சுகாதாரப் பணியாளர் மாத்திரையுடன் வீட்டு வாயிலுக்கே வரும் வழி பிறந்தது. மாத்திரை தரும் அந்த வேளையே மதுவைப் பற்றி வினவவும் ஏற்ற வேளை. உலக சுகாதார நிறுவனம் இதற்கென 10 வினாக்கள் கொண்ட பட்டியலை வகுத்துள்ளது. எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு, ஒரே வேளையில் மிகுதியாகக் குடிப்பதுண்டா என்பவை முதல் மூன்று வினாக்கள். குற்றம் சாட்டாமல் கேட்டு, சில நிமிடங்கள் இதமாக எடுத்துரைத்தாலே பலர் குடியைக் குறைக்கின்றனர்.

ஆனால், தம் தந்தையின் வயதுடையவரிடம் ஓர் இளம் செவிலியர் இதைக் கேட்பது எளிதன்று. நாம் துணை நிற்கவேண்டும். எவ்வாறு?

முதலாவது, துணைச் சுகாதார நிலையத்தில் தனித்துப் பேச ஓர் இடம் ஒதுக்குங்கள். அங்கு சொன்னது தெருவுக்கு வராது என்ற நம்பிக்கையை உண்டாக்குங்கள்.

இரண்டாவது, அறுவடை முடிந்ததும் வயோதிகக் கூலியாளுக்குக் காசுடன் மதுவும் வாங்கித் தரும் வழக்கத்தை விவசாயிகள் கைவிடுங்கள். கூலியைக் காசாகவே கொடுங்கள்.

மூன்றாவது, முதியவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுச் செவிலியரிடம் காட்டும்படி வீட்டாருக்குக் கூறுங்கள். நடுக்கமோ பிதற்றலோ கண்டால் சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு; அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

நமக்கு நிலத்தைத் திருத்தித் தந்தவர்கள் அவர்கள். அடுத்த கிராம சபையில் எவரையும் கடியாமல் இச்செய்தியை எடுத்துரைப்போம். அன்று நாம் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக.