முதுகு வலி தலைவிதி அல்ல
(மைசூர் மைன்ஸில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்ணில் நிற்கும்போது நம் பாட்டன்மார்களின் நினைவு வருகிறது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வயிற்றுப் பாட்டுக்காக வந்தவர்கள், மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். பலர் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். தொழில் மாறியது. தொழிலாளியின் உடம்பை வேலை தின்பது மட்டும் மாறவில்லை.

என் தகப்பனார் பாறை துளைக்கும் மிஷின் பிடித்தவர். இரவில் விரல்கள் மரத்துப் போகும்; டம்ளரைப் பிடிக்க முடியாது. என் தம்பி லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. "வயசாகுதுண்ணே" என்கிறான். அவனுக்கு வயது 38! இது வயதின் கோளாறா, வேலையின் கோளாறா?

முதுகெலும்பின் கணுக்களுக்கு நடுவே, டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்லும் மெத்தை இருக்கிறது. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அசைந்தால்தான் அதற்குச் சத்து போய்ச் சேரும். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் அது வாடுகிறது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அதே மெத்தை நசுங்குகிறது. உடம்பு நிமிர்ந்து நிற்க, இடுப்புத் தசைகள் ஓயாமல் இறுகிச் சோர்கின்றன. கிளச் மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கிறது. இத்தனைக்கும் மேலாக, இறங்கியவுடன் மூட்டை தூக்கச் சொன்னால் என்ன ஆகும்?

தோழர்களே, ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1930-ல் நம் முன்னோர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் விரல்களைக் குறித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு அவசரம் இருந்தது. நம் நோயைக் குறித்துக்கொள்ள அந்த அவசரம் இல்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாக 1934-ல் இந்தத் தங்கவயலில்தான் கண்டறியப்பட்டது. பின்னர் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. அதுவரை அது வெறும் இருமல். எண்ணிக் காட்டிய பிறகுதான் அது தொழில் நோய். நஷ்டஈட்டுப் பட்டியலிலும் ஏறியது. டிரைவரின் முதுகு வலி இன்னும் எண்ணப்படாத இருமலாகவே இருக்கிறது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களும் உண்டு. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு என்று வகுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒற்றை லாரி முதலாளியிடம் ஓட்டும் தம்பிக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

ஆகவே, தாய்மார்களே, வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஓட்டிய நேரம், தூக்கிய சுமை, வலித்த இடம் இவற்றை எழுதி வையுங்கள். பத்து நோட்டு சேர்ந்தால் முறையீடு. நூறு சேர்ந்தால் கோரிக்கை.

தம்பிமார்களே, இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிச் சிறிது நடங்கள். பின்பையில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இறங்கியவுடன் சுமை தூக்காதீர்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. முறிந்த இருக்கையையும் முடியாத டூட்டியையும் உடற்பயிற்சி சரிசெய்யாது. நல்ல இருக்கை, உரிய ஓய்வு, சுமை ஏற்ற வேறு ஆள்: இவை மூன்றும் தர்மம் அல்ல, உரிமை. சேர்ந்து கேட்போம்.