நிழலை அளந்த பேராசிரியை

(தோணிரேவில் நடைபெற்ற பெண் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பழவேற்காடு சின்னப் பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று தொழுகை நேரத்தைக் கைபேசி சொல்லிவிடுகிறது. அன்று நிழல்தான் சொன்னது. உச்சிப்பொழுதில் குச்சிக்கு இருந்த நிழலைக் கழித்துவிட்டு, மீதி நிழல் குச்சியின் நீளத்தை எட்டினால் அஸர் நேரம் வந்துவிட்டது என்று அறிந்தார்கள். தொழுகைக்கு நேரம் பார்ப்பதிலேயே கணக்கு இருந்தது. அப்படிப்பட்ட சமுதாயத்தில், "பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறோமே, இது நியாயமா?

நிழல் கணக்குக்கென்றே தம் நூலில் ஓர் அத்தியாயம் எழுதிய பெண்மணி ஒருவர் இருந்தார். டி.ஏ. சரஸ்வதி அம்மா என்பது அவர் பெயர். 1918-ல் பாலக்காட்டுப் பக்கம் செர்ப்புளச்சேரியில் பிறந்தவர். அன்று அது நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். கணிதமும் பௌதிகமும் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அத்துடன் நிற்கவில்லை. பழைய கணித நூல்கள் சமஸ்கிருதத்தில் இருந்தன. காசிப் பல்கலைக்கழகத்தில் அந்த மொழியிலும் எம்.ஏ. முடித்தார். பிறகு டாக்டர் வே. ராகவனின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சி செய்தார்.

"இவர் நம் சமுதாயப் பெண் இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ன செய்தார்? இந்தியரின் கணிதத்தையும் வானவியலையும் அறிய சமஸ்கிருதம் கற்றார். நிழல்களைப் பற்றியே தனி நூலும் எழுதினார். அறிவைத் தேடிப் போன அந்த முஸ்லிம், அது யார் வீட்டுச் சரக்கு என்று கேட்கவில்லை.

இந்தியர்களுக்கு எண் கணக்கு வரும், வடிவக் கணிதம் வராது என்று அறிஞர்கள் பலர் பேசி வந்த காலம் அது. சரஸ்வதி அம்மா மூல நூல்களைப் புரட்டிப் பதில் சொன்னார். சுல்ப சூத்திரங்களிலிருந்து தொடங்கினார். சுல்பம் என்றால் கயிறு. கயிற்றை 12 சம பாகமாக்கி, 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்துக் கட்டினால் ஒரு மூலை செங்கோணமாக நிற்கும். இன்றும் வீட்டுக்கு மூலைமட்டம் பார்க்கும் கொத்தனாரைக் கேளுங்கள், சொல்வார். அங்கிருந்து கேரளத்து மாதவனின் வட்டக் கணிதம் வரை வந்தார். சூத்திரம் மட்டுமல்ல, அது ஏன் சரி என்ற நிரூபணமும் நம் நாட்டில் இருந்தது என்று காட்டினார். 1979-ல் அது நூலாக வெளிவந்தது.

அந்த ஆண்டில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? நிலக்கரிச் சுரங்க நகரமான தன்பாத்தில், ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வராக! திருச்சூர், எர்ணாகுளம், ராஞ்சி என்று பாடம் நடத்திவிட்டு, 1973 முதல் 1980 வரை அந்தக் கல்லூரியை நடத்தினார். சேர்க்கை, தேர்வு, கட்டணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய நாற்காலி அது. அதில் இருந்த காலத்தில்தான் நூலும் வந்தது. 2000-ல் காலமானார். அவர் பெயரால் கேரள கணிதச் சங்கம் 2002 முதல் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். 2007-ல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு தந்தது. எத்தனை பேரணி, எத்தனை மாநாடு நடத்திப் பெற்ற உரிமை! ஆனால் பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பெண்ணுக்குப் பொறியியல் கல்லூரியில் அந்த ஒதுக்கீடு எப்படி உதவும்? உரிமை கேட்டு அரசின் கதவைத் தட்டிய நாமே, பதினொன்றாம் வகுப்பில் நம் பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறோம்.

பஸ் இல்லை, பொன்னேரிக் கல்லூரி தூரம், மாலை இருட்டிவிடும் என்கிறீர்கள். உண்மைதான். தாய்மாரின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்கிறேன்: ஊர்ப் பணத்தில் ஒரு வேன் வைக்க முடியாதா? பந்தலுக்கும் விருந்துக்கும் வசூலாகிறதே!

பனையோலைப் பெட்டி முடையும் சகோதரிகளே, எத்தனை ஓலை மேலே, எத்தனை கீழே என்று எண்ணாமல் உங்கள் கை ஒரு வரி பின்னுவதில்லை. உங்கள் மகளுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

பத்தாம் வகுப்பு எழுதியிருக்கும் பெண் பிள்ளைகளின் பெயரை, கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாற்று மத வீட்டுப் பிள்ளைகள் பெயரையும் கொடுங்கள். வேன் எல்லோருக்கும்தான்.