அட்டையைப் புதுப்பிச்சிட்டீங்களா?

(திருப்புட்குழியில் இளைஞர்கள், மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இந்த ஊருக்குப் பேரே ஒரு பறவையால வந்தது. சிறகு வெட்டுப்பட்டு விழுந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று கோயிலில் கதை சொல்கிறார்கள். செத்த பறவைக்குச் சடங்கு கிடைச்சது. சிறகு வெட்டுப்பட்டும் சாகாமல் கிடக்கிறவங்களுக்கு என்ன கிடைக்கும்? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையை மூடினார்கள். ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அதிலும் நிறைய பெண்கள், வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் வேலை போவது நிற்கவில்லை.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். வேலை இழந்த ஒரு தங்கை பாஸ்புக்கோடு வந்து கேட்டாள்: "அண்ணா, வேலை போச்சுன்னா கவர்மெண்டு பணம் தருமாமே?" தரும்மா, ஆனால் வேலை போனதற்காகத் தராது, பதிவு செய்து காத்திருந்ததற்காகத் தரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். வேலைதான் கிடைச்சிடுச்சே என்று அவள் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாள். வேலையும் போச்சு, பதிவும் போச்சு.

தமிழ்நாட்டு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் வரை, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். பட்டம் வாங்கியவனுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய்! குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதாவது மாதம் 6,000. அப்பன் தறிக்குப் போய், அம்மா கூலிக்குப் போனால் அந்த வீடு 'வசதியான வீடு' ஆகிவிடுகிறது. வயது வரம்பு நமக்கு 45, மற்றவர்க்கு 40. வருஷா வருஷம் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கணும். மறந்தால் பணம் நின்றுவிடும்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு இன்னொரு கதவு. வேலை இழந்தால் சராசரிக் கூலியில் 25 சதவீதம், 90 நாள் வரை, ஆயுளில் ஒருமுறை என்று 2018 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். கெடு வைத்து நீட்டித்து வருகிற திட்டம் இது. ஆகவே நடப்பில் இருக்கிறதா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். ஈ.எஸ்.ஐ. எண்ணே இல்லாமல் காண்டிராக்டில் உழைத்தவனுக்கு அந்தக் கதவும் கிடையாது. தறியில் துணையாளாக இருந்தவனை யார் வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்று காட்டக்கூட ஒரு காகிதம் இருக்காது.

"இந்தப் பிச்சைக் காசுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று சிலர் கேட்கிறீர்கள். காசு சொற்பம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிச்சை இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945இல் உருவான ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வளர்ந்தன. வேலையில்லாக் காலத்தில் அரசின் உதவி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு பேசுகிறது. 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் அதில் உண்டு; கோர்ட்டுக்குப் போய் வாங்கவும் முடியாது. கேட்கிறவர்கள் கூடினால்தான் அந்த வாலைப் பிடித்து இழுக்க முடியும். பத்துப் பேர் மனுப் போட்டால் பத்து மனு. ஊரே போட்டால் அது கணக்கு. 72,000 என்கிற வரம்பை உயர்த்து என்று கேட்க அந்தக் கணக்குத்தான் நம் கையில் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் பதிவு அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், வேலையை நிறுத்திய கடிதம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவான். எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். எழுதத் தெரியாத அக்கா அண்ணனுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு இந்தத் தெருவில் முதல் வேலை இதுதான்.

ஜெய்பீம்!